பொஞ்சாதி கார்டு

மெகராஜ் பேகத்தைப் பெண் கேட்டு வந்தபோது, மாப்பிள்ளைக்கு என்ன தொழில் என்று அவளுடைய அத்தா கேட்டார். "மண்டியில கூப்பாடு போடுற தொழிலு" என்று தரகர் சொல்ல, உள்ளே இருந்த பெண்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும், தரகர் சொன்னதில் பொய் கிடையாது. ராஜபாளையத்தில் ஐயாதுரை முதலாளியின் மாங்காய் மண்டியில் பக்கீர் முகமதுதான் ஏலம் கூறுகிறவர். சப்பட்டை மாங்காயும் பஞ்சவர்ண மாங்காயும் வண்டி வண்டியாக வந்து இறங்கும் சித்திரை, வைகாசியில், அவர் ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று "ஒரு தரம்" என்று தொடங்கினால், பஸ்ஸுக்குப் போகிறவர்கள்கூட நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சொன்னது நம்ம பக்கீரப் பாத்துத்தான்" என்பார் ஐயாதுரை.

கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தாள் மெகராஜ். பள்ளிவாசலுக்குப் பக்கத்துத் தெருவில் சொந்த வீடு. ஒரே மகள் ஜெய்னப். புருஷன் காலையில் ராஜபாளையம் போனால் சாயங்காலம் பழ வாடையோடு திரும்புவார். மண்டியில் யார் எதை எப்படிக் கேட்டார்கள் என்று அவர் நடித்துக் காட்டுவதைக் கேட்டுக்கொண்டே அவள் சோறு போடுவாள். அவளுக்குப் பேச்சு அவ்வளவாக வராது. வீட்டுக்கு அவர் பேச்சே போதும் என்றிருந்தாள்.

எண்பத்திரண்டாம் வருஷம் சீசன் முடிந்த பிறகும் அவருக்குத் தொண்டைக்கட்டு விடவில்லை. கத்திக் கத்திக் கட்டிக்கொண்டது என்று சுக்கும் கற்கண்டும் வாயில் அடக்கிக்கொண்டு திரிந்தார். ஐப்பசி மழை வந்தும் குரல் திரும்பவில்லை. எச்சில் விழுங்கும்போது காதுவரை வலிக்கிறது என்று ஒருநாள் சொன்னார். மறுநாளே மெகராஜ் அவரை இழுத்துக்கொண்டு மதுரைக்குப் போய்விட்டாள்.

குரல்வளையில் புற்று. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து குரல்வளையையே எடுத்தார்கள். பிறகு கரண்டு என்கிற கதிர்வீச்சு வைத்தார்கள். உயிர் மிஞ்சியது. கழுத்துக்குக் கீழே ஒரு ஓட்டை, அதில் ஒரு குழாய். மூக்கு வழியாகப் போய்வந்த மூச்சு இனி அதன் வழியாகத்தான். குரல் போனது. ஆஸ்பத்திரிச் செலவில் சொந்த வீடும் போனது. அதே தெருவின் கோடியில் ஒற்றை அறைக்குக் குடிவந்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் மெகராஜைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஆபரேஷனோட வைத்தியம் முடிஞ்சிடுச்சுன்னு நினைச்சிடாதீங்கம்மா. மூணு மாசத்துக்கு ஒரு தடவை கூட்டிட்டு வரணும். போகப் போக ஆறு மாசம், அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை. நோய் திரும்பினா ஆரம்பத்திலேயே பிடிச்சிடலாம். வராம விட்டீங்கன்னா இவ்வளவு பாடுபட்டதும் வீண்."

"எம்புட்டு காலத்துக்கு வரணும் சார்?"

"அவர் இருக்கிற காலம் பூரா."

இருக்கிற காலம் பூரா என்ற வார்த்தை அவளுக்குப் பாரமாகத் தோன்றவில்லை. இருப்பார் என்றல்லவா டாக்டர் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டாள்.

ஐயாதுரை முதலாளி நல்ல மனுஷர். பக்கீரைக் கைவிடவில்லை. ஏலத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டு, காய் தரம் பிரிக்கும் வேலையை இவருக்குக் கொடுத்தார். கழுத்தில் மெல்லிய பேண்டேஜ் துணியைக் கட்டிக்கொண்டு, குவியலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து காய்களைப் பிரிப்பார். பக்கத்தில் இன்னொருவன் ஏலம் கூறுவான். வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். ஏதாவது வேண்டுமென்றால் கையைத் தட்டுவார். உதட்டை அசைத்துச் சொல்வார். மெகராஜுக்கு அந்த உதட்டு அசைவு கொஞ்ச நாளில் பழகிவிட்டது.

முதல் இரண்டு தடவை மதுரைக்கு அவளே கூடப் போனாள். மூன்றாவது தடவை ஜெய்னப்புக்குக் காய்ச்சல். தனியாகப் போய்வருகிறேன் என்று சைகை காட்டிவிட்டுக் காலையில் கிளம்பிப்போனார். பொழுது சாயத் திரும்பிவந்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று கையை ஆட்டினார். அடுத்த தடவையும் அப்படியே.

அந்த வாரக் கடைசியில் பக்கத்து வீட்டு ஜெயபாய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்தாள். ஜெயபாய் ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் வேலை பார்க்கிறவள். அம்மா வீடு வ. புதுப்பட்டி. பேச்சோடு பேச்சாக, "ஏ மெகராசு, புதன்கிழம நான் புதுப்பட்டிக்குப் போகயில உங்க வீட்டு அண்ணன் கிருஷ்ணன்கோவில்ல புளியமரத்தடியில உக்காந்திருந்தாகளே, என்ன விசயம்? சாயங்காலம் திரும்பி வாரேன், அப்பவும் அங்கனயேதான் இருக்காக" என்றாள்.

புதன்கிழமைதான் அவர் மதுரைக்குப் போன நாள். மதுரை பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச தூரத்திலேயே வந்துவிடும் ஊர் கிருஷ்ணன்கோவில்.

அன்று சாயங்காலம் மெகராஜ் அவருக்கு முன்னால் தட்டை வைத்தாள். "மதுரையில டாக்டர் என்ன சொன்னாரு?"

நன்றாக இருப்பதாகக் கையை ஆட்டினார்.

"கிருஷ்ணன்கோவில் புளியமரத்தடியில எந்த டாக்டர் இருக்காரு?"

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. நிமிர்ந்து, மூலையில் இருந்த ஜெய்னப்பின் புதுப் பள்ளிக்கூடப் பையைக் கண்ணால் காட்டினார். பிறகு தன் கழுத்தைத் தொட்டு, தொண்டை சரியாகத்தானே இருக்கிறது என்று உதட்டை அசைத்தார். ஆஸ்பத்திரிக்கென்று அவள் எடுத்துக் கொடுத்த பணமெல்லாம் அந்தப் பையாகவும் புத்தகமாகவும் வந்திருந்தது.

மெகராஜ் அழவில்லை, சண்டையும் போடவில்லை. எழுந்துபோய் ஜெயபாய் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"ஜெயபாயி, உங்க வீட்டு அண்ணன் கால ஒடிச்சுக்கிட்டப்போ மதுரையில எப்படி வைத்தியம் பாத்த?"

"இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலதான். மில்லுல வேலை பாத்தா கார்டு உண்டுல்ல? சம்பளத்துல மாசா மாசம் கொஞ்சம் பிடிப்பாக. பொறவு மாத்திரை மருந்து, ஆபரேசன் எல்லாம் அவுகளே பாத்துக்கிடுவாக. மதுரைக்கு எழுதிவிட்டாகன்னா பஸ்சுச் செலவு கூடக் கிடைக்கும்."

"உன் கார்டுல அவியளுக்குப் பாப்பாகளா?"

"பொஞ்சாதி கார்டுல புருசனுக்குப் பாக்காம?"

"அப்பம் என்னையும் மில்லுல சேத்துவிடு" என்றாள் மெகராஜ்.

செய்தி தெரிந்ததும் சைக்கிள் கடை வைத்திருந்த அவள் அண்ணன் அபுபக்கர் விறுவிறுவென்று வந்துவிட்டார்.

"நம்ம வீட்டுல இதுவரைக்கும் எந்தப் பொம்பளையாவது மில்லுக்குப் போயிருக்காளா? சங்கு ஊதுனா ஓடணும், கண்டவனும் ஏட்டிங்கான். ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும்ணே."

"கையில இல்லைன்னா என்கிட்ட கேக்க வேண்டியதுதான? நான் தரமாட்டேனா?"

"தருவீக. இந்தத் தடவை தருவீக, அடுத்த தடவையும் தருவீக. அவிய இருக்கிற காலம் பூரா தருவீகளா? தந்தாலும் நான் உங்க வாசல்ல வந்து நிக்கணுமா? ஒருநா உங்க கடையில யாவாரம் இல்லைன்னா அன்னைக்கு அவிய வைத்தியம் நிக்கணுமா?"

அபுபக்கர் மச்சானைப் பார்த்தார். மச்சான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் இதில் சம்மதம் இல்லை என்பது மெகராஜுக்குத் தெரியும். சம்மதம் கேட்டுக்கொண்டிருக்க நேரம் இல்லை என்பதும் தெரியும்.

மில் சங்கரன்கோவில் ரோட்டில் இருந்தது. விடிகாலை முதல் பஸ்ஸில் ஜெயபாயோடு போய் இறங்குவாள். ரீலிங் பிரிவில் வேலை. கதிரில் சுற்றிவரும் நூலைச் சிட்டம் என்கிற வளையக் கட்டுகளாகச் சுற்றி எடுக்க வேண்டும். அறுந்த நூலை ஓடுகிற மிஷினிலேயே பிடித்து முடிய வேண்டும். முதல் மாதம் விரல் நுனியெல்லாம் நூல் அறுத்துக் கோடு கோடாக இருந்தது. சாயங்காலம் ரசத்தில் கை பட்டால் எரியும். மூக்கு, காது, தலைமுடி எங்கும் பஞ்சு. தலையில் முக்காடு நழுவாமல் இருக்க ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொள்வாள். மூன்றாம் மாதம் அவள் சுற்றிய சிட்டத்தைப் பார்த்துவிட்டுப் பழைய ஆட்களே "யாரு கை இது?" என்று கேட்டார்கள். அதைக் கேட்டபோது அவளுக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியதிலிருந்து யாரும் அவளை எதற்கும் மெச்சியதில்லை.

ஆனால் எதற்காக வந்தாளோ அது மட்டும் நடக்கவில்லை. கார்டு வேண்டுமென்றால் முதலில் இ.எஸ்.ஐ. நம்பர் போட வேண்டும். டைம் ஆபீஸில் கேட்டால், "நீ டெம்ப்ரவரிதானம்மா, வரும்" என்பார்கள். மாதங்கள் போயின. அவளைப்போல வந்த பெண்கள் ரீலிங்கில் நிறையப் பேர். வருஷம் முழுக்க வேலை பார்த்தாலும் யாருக்கும் நம்பர் இல்லை. அதற்குள் பக்கீரின் முறை வரும்போதெல்லாம் அவளே கூலியிலிருந்து எடுத்து மதுரைக்குக் கூட்டிப்போய்க் காட்டிக்கொண்டுதான் இருந்தாள். ஒரு தடவைகூட விடவில்லை.

மில் வாசலில் டீக்கடையில் நிற்கும் யூனியன்காரர் தவசிமுத்துவிடம் ஒருநாள் கேட்டாள். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "டெம்ப்ரவரியோ பர்மனெண்டோ, வேலை பாத்தா நம்பர் போட்டுத்தான் ஆகணும். அதுதான் சட்டம். ஆனா அந்த மில்லுல உங்கள மாதிரி ஆளுக இருக்கீகன்னு ஆபீசருக்குத் தெரியணுமே? நோட்டுல நீங்க இல்லையே."

"ஆபீசர் வந்து பாக்கமாட்டாரா அண்ணாச்சி?"

"வருவாரு. வர்ற அன்னைக்கு உங்கள எங்க வைக்காகன்னு பாரு."

எண்பத்தைந்தாம் வருஷம் சித்திரையில் ஒருநாள் அது தெரிந்தது. பத்துமணி இருக்கும். ரீலிங்கில் ஆட்களை வேலை வாங்கும் ஜாபர் மொக்கைச்சாமி வேகவேகமாக வந்து டெம்ப்ரவரிப் பெண்களையெல்லாம் மிஷினை விட்டு எழுப்பினார். "எல்லாரும் பஞ்சுக் குடோனுக்குப் போங்க. செத்த நேரம் சத்தங்காட்டாம இருங்க. ஆபீசர் போனதும் கூப்பிடுதேன்."

குடோனில் கூரைவரை பஞ்சுப் பொதிகள். ஜன்னல் கிடையாது. வெக்கையில் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு நின்றார்கள். இது முன்பே பழகிப்போனதுபோல் ஒருத்தி பொதிமேல் ஏறிப் படுத்துக்கொண்டாள். பரிபூரணம் என்ற வயதான பெண், "வருசா வருசம் இதே கூத்துதான். நானும் எத்தன தடவை இந்தப் பொதிக்குப் பின்னால ஒளிஞ்சிட்டேன்" என்றாள்.

ஒளிஞ்சிட்டேன் என்ற சொல் மெகராஜுக்குச் சுருக்கென்று தைத்தது. நான் யார் வீட்டில் திருடினேன்? விரல் அறுபட வேலை பார்த்தவள் எதற்காகப் பொதிக்குப் பின்னால் நிற்க வேண்டும்? நேராகப் போய்க் கதவைத் திறந்தாள்.

வெளியே மொக்கைச்சாமி. "ஏட்டி, எங்க போற?"

"ஆபீசரப் பாக்க."

"கிறுக்கா பிடிச்சிருக்கு? உள்ள போ." கையை நீட்டி மறித்தார்.

"அண்ணாச்சி, வழிய விடுங்க. தொட்டீகன்னா கூப்பாடு போடுவேன். ராஜபாளையம் மண்டியே கேக்கக் கூப்பாடு போட்டவர் பொஞ்சாதி நான்."

வாழ்நாளில் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. மொக்கைச்சாமியின் கை தானாகக் கீழே இறங்கியது.

வெயில் கொளுத்தும் முற்றத்தைக் கடந்து அவள் ஆபீஸுக்கு நடந்தாள். தலையிலும் புருவத்திலும் பஞ்சு. வராந்தாவில் மேனேஜரும் லேபர் ஆபீஸரும் இருந்தார்கள். நடுவில் கண்ணாடி போட்ட ஒருவர் பெரிய நோட்டு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"சார், என் பேரு மெகராஜ் பேகம். ரீலிங்ல வேலை பாக்கேன். உங்க நோட்டுல என் பேரு இருக்கான்னு பாருங்க."

லேபர் ஆபீஸர் பாதி எழுந்துவிட்டார். "இது புதுசு சார், இந்த வாரம்தான்…"

"நான் வந்து ஒரு மாங்கா சீசன் போயி மறு சீசன் வந்துருச்சு சார்" என்றாள் மெகராஜ். "நான் பொய் சொன்னா இன்னைக்கே வேலைய விட்டு நிப்பாட்டிருங்க. நெசம்னா எனக்கு நம்பர் போட்டுக் குடுங்க. எங்க வீட்டுக்காரருக்குப் புத்துநோய்க்கு ஆபரேசன் ஆயிருக்கு. அவிய உசுரு அந்த நம்பர்லதான் இருக்கு."

கண்ணாடிக்காரர் அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெகராஜும் திரும்பினாள். குடோன் கதவிலிருந்து பரிபூரணம் வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அத்தனை பெண்களும். எல்லோர் தலையும் பஞ்சால் வெளுத்து, ஒரே நாளில் எல்லோரும் கிழவிகளாகிவிட்டதுபோல் இருந்தது. வந்து வரிசையாக அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள்.

கண்ணாடிக்காரர் பேனாவை எடுத்தார். "ஒவ்வொருத்தரா பேரைச் சொல்லுங்கம்மா" என்றார்.

அந்த நேரம் நெஞ்சு நிறைந்த நிறைவு இருக்கிறதே, அது தன் கல்யாணத்திலும் இல்லை, ஜெய்னப் பிறந்தபோதும் இல்லை என்று மெகராஜ் பிற்காலத்தில் சொல்வாள். அவை தானாக வந்தவை, இது நான் போய் எடுத்தது என்பாள்.

சும்மா விடுவார்களா? மறுவாரமே அவளை ரீலிங்கிலிருந்து எடுத்துக் கழிவுப்பஞ்சு பிரிக்கும் இடத்தில் போட்டார்கள். தூசியில் இருமி இருமி ராத்திரித் தூக்கம் போனது. தானாக நின்றுவிடுவாள் என்று பார்த்தார்கள். அவள் நிற்கவில்லை. அந்த ஆடி மாதம் எல்லோருக்கும் நம்பர் வந்தது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் கழித்து, சிட்டம் சுற்ற நல்ல கை இல்லை என்று அவர்களே அவளைத் திரும்ப ரீலிங்குக்குக் கூப்பிட்டார்கள்.

நம்பர் வந்ததும் மெகராஜ் பக்கீரை ராஜபாளையம் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்கு அழைத்துப்போனாள். அவர் உள்ளே வர மறுத்து வாசலில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். பொஞ்சாதியின் பேரில் புருஷன் பேரை எழுதுவது அவருக்கு அவமானமாக இருந்தது. மண்டியிலும் கேலி தொடங்கியிருந்தது. மூட்டை தூக்குகிறவர்கள், "பக்கீர் பாய்க்குப் பொஞ்சாதி கார்டுல்ல" என்று சிரிப்பார்கள். முன்பென்றால் ஒரு வார்த்தையில் அவர்களை உட்கார வைத்திருப்பார். இப்போது காயைப் பார்த்துக் குனிந்துகொள்வார்.

மெகராஜ் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். ஒரு டாக்டரம்மா இருந்தார். பழைய சீட்டுகளையெல்லாம் பொறுமையாகப் படித்துவிட்டுக் கேட்டார்: "இப்போ இவருக்கு என்ன கஷ்டம்?"

"இப்பம் ஒரு கஷ்டமும் இல்லம்மா."

"அப்புறம்?"

"கஷ்டம் வராம பாக்கணும்னு வந்திருக்கோம். இருக்கிற காலம் பூரா பாக்கணும்னு மதுரை டாக்டர் சொன்னாரு. நோய் இல்லாதவருக்குக் கார்டுல பாக்கமாட்டீகளோன்னுதான் பயமா இருக்கு."

டாக்டரம்மா சிரித்தார். "நோய் திரும்பாம பாத்துக்கிறதும் வைத்தியம்தாம்மா. ஆபரேஷன் எப்படியோ இதுவும் அப்படித்தான்" என்று சொல்லி, மதுரை இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு எழுதினார். மாத்திரை கொடுத்தார். கழுத்துக் குழாய் தேய்ந்துபோயிருப்பதைப் பார்த்து அதற்கும் ஏற்பாடு செய்தார். வெளியே வந்ததும் மெகராஜ் வேப்பமரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பக்கீர் பதறிப்போய்ச் சோடா வாங்கி வந்தார். அவள் சிரிப்பதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

அதன் பிறகு தவறாமல் நடந்தது. அவள் மற்றப் பெண்களோடு வார லீவை மாற்றிக்கொண்டு அவரைக் கூட்டிப்போவாள். மதுரையில் பேச்சுப் பயிற்சிக்குப் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார்கள். காற்றை விழுங்கி, ஏப்பம் விடுவதுபோல் மேலே கொண்டுவந்து, அதையே வார்த்தையாக்கப் பழக வேண்டும். 'பா', 'கா', 'டா' என்று வாரக்கணக்கில் பழகினார். ஒருநாள் காலையில் மெகராஜ் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பின்னாலிருந்து ஒரு சத்தம். தவளை கத்தியதுபோல் இருந்தது.

"காப்பி."

திரும்பிப் பார்த்தாள். பக்கீருக்கே நம்பிக்கையில்லை. மறுபடியும் சொல்லிப் பார்த்தார். "காப்பி." அன்று மெகராஜ் முதல் பஸ்ஸை விட்டுவிட்டாள். அவர் கேட்கக் கேட்கப் போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். ஜெய்னப் ஒருபக்கம் அத்தாவைக் கட்டிக்கொண்டு அழ, அவர் காப்பி காப்பி என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எண்பத்தெட்டில், எல்லாம் சீராகப் போகிறது என்றிருந்த நேரம். வழக்கமான சோதனைக்குப் போனார்கள். அவருக்கு வலி இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறார். குழாய்போன்ற கருவியை வாய்வழியே விட்டுப் பார்த்த டாக்டர் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார். நாக்கின் அடியில் ஒரு சின்ன வெள்ளைப் படை. கிள்ளி எடுத்துச் சோதித்தார்கள். புற்றின் தொடக்கம்தான். ஆனால் வேர் விடவில்லை. அந்த இடத்தை மட்டும் சுரண்டி எடுத்தார்கள். இரண்டொரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"இது வலிச்சு, நீங்களா வந்து காட்டுற வரைக்கும் விட்டிருந்தா நாக்கே போயிருக்கும். ஆளும் போயிருக்கலாம்" என்றார் டாக்டர்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் பக்கீர் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கிருஷ்ணன்கோவில் தாண்டும்போது மெகராஜின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை விடவில்லை.

மறுநாள் மண்டியில் யாரோ பழைய கேலியை எடுத்தான். "என்ன பாய், பொஞ்சாதி கார்டுல மதுரைக்குப் போயிட்டு வந்தாச்சா?"

பக்கீர் எழுந்து நின்றார். காற்றை விழுங்கினார். "ஆமாடா. என் பொஞ்சாதி கார்டு. உன் பொஞ்சாதிகிட்ட இருக்கா?" கரகரவென்று வந்த அந்தக் குரலைக் கேட்டு மண்டியே நின்றது. ஐயாதுரை முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்து அவர் தோளைத் தட்டினார். இதை மெகராஜுக்கு வந்து சொன்னது ஐயாதுரைதான். பக்கீர் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தொண்ணூற்றொன்றில் மில்லில் ரீலிங் பிரிவுக்கு ஒரு மேற்பார்வையாளர் தேவைப்பட்டது. இதுவரை ஆம்பளைகளே இருந்த வேலை. மெகராஜின் கைத்திறமையும், அவள் சொன்னால் நாற்பது பெண்கள் கேட்பார்கள் என்பதும் மேனேஜ்மெண்டுக்குத் தெரிந்தே இருந்தது. கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் வீட்டுக்கு வந்து யோசித்தாள். அந்தச் சம்பளம் வந்தால் இ.எஸ்.ஐ.க்கு என்று வைத்திருக்கிற சம்பள வரம்பைத் தாண்டிவிடும். தாண்டினால் கார்டு போய்விடும். மறுநாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

ஜெயபாய் மூலம் செய்தி பக்கீர் காதுக்குப் போனது. அன்றைக்குப்போல அவர் கோபப்பட்டு அவள் பார்த்ததில்லை. வார்த்தைக்கு வார்த்தை காற்றை விழுங்கி விழுங்கி, "எனக்காக… வேண்டாம்னு… சொல்லாத. உனக்கு… வந்த பேரு… அது. ஊர்ல… எந்தப் பொம்பளைக்கு… வந்துச்சு?" என்றார். குரல் போன பிறகு அவ்வளவு நீளமாக அவர் பேசியது அதுதான் முதல் தடவை. பேசி முடித்ததும் வியர்த்துப்போனது.

மெகராஜ் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள். "மேஸ்திரி வேலை மறு வருசமும் வரும். நீங்க மறுபடி வருவீகளா?"

அவள் சொன்னபடியே ஆயிற்று. மறுவருஷம் அந்த வரம்பை அரசாங்கமே உயர்த்தியது. தவசிமுத்து டீக்கடையில் பேப்பரை விரித்துப் படித்துக்காட்டினார். அவள் நேராக மேனேஜர் அறைக்குப் போய், "அந்த வேலைய இப்பம் குடுங்க சார். பாக்கேன்" என்றாள். மில்லில் பெண்ணொருத்தி சாவிக்கொத்தோடு பிரிவுக்குள் நடந்துபோவதை வேடிக்கை பார்க்கக் பஞ்சு சீவும் கார்டிங் பிரிவிலிருந்தும் ஆட்கள் வந்து எட்டிப்பார்த்தார்கள். மொக்கைச்சாமி அப்போது ரிட்டயராகும் தறுவாயில் இருந்தார். "வாங்கம்மா" என்று வழிவிட்டார்.

அடுத்த வருஷங்களில் ஜெய்னப்புக்குக் கல்யாணமானது. பக்கீருக்கு வருஷத்துக்கு ஒரு தடவை காட்டினால் போதும் என்றார்கள். அந்த நாளில் பெரியாஸ்பத்திரிப் பேச்சுப் பயிற்சி அறைக்கும் ஒரு எட்டுப் போய்வருவார். புதிதாகக் குரல்வளை எடுத்தவர்களுக்கு அவர் பேசிக் காட்டினால் தைரியம் வரும் என்று அங்கே அவரை வரச்சொல்வார்கள்.

தொண்ணூற்றாறில் அப்படிப் போனபோது, அந்த அறையில் செட்டியார்பட்டிக்காரர் ஒருவர் கழுத்துத் துணியோடு தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, இளவயதுப் பெண். பெயர் சுடலைமாடத்தி. பக்கீர் அந்த ஆளின் முன்னால் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"நான் மாங்கா மண்டியில ஏலம் போட்டவன். எனக்கே குரல் போச்சு. பாரு, இப்பம் பேசுதேன். பயப்படாத." பிறகு மெகராஜைக் கையால் காட்டினார். "இவிய என் வீட்டுக்காரி. மில்லுல மேற்பார்வை. இவிய கார்டுலதான் நான் இம்புட்டு வருசமும் நடமாடுதேன்."

வேற்று மனிதர் முன்னால் அவர் அதைச் சொல்லி அவள் கேட்டது அன்றுதான். மரியாதையாக வேறு சொன்னார். மெகராஜுக்கு முக்காட்டைச் சரிசெய்துகொள்வதா, சிரிப்பதா என்று தெரியவில்லை.

சுடலைமாடத்தி வெளியே வந்து அவளிடம் மெல்லச் சொன்னாள்: "அக்கா, இங்க வைத்தியம் சும்மாதான் பாக்காக. ஆனா ஒவ்வொரு தடவையும் பஸ்சு, சாப்பாடு, கூலி போன நாளு… அடுத்த தடவை வரமாட்டேன்னு சொல்லிட்டாரு. நல்லாத்தான இருக்கேங்காரு."

"எங்க வீட்டுலயும் அப்படித்தான் சொன்னாக. கிருஷ்ணன்கோவில்லயே இறங்கிட்டாக." மெகராஜ் அவள் கைகளைப் பிடித்து விரல்களைப் பார்த்தாள். தீப்பெட்டி ஒட்டிய பசை நகக்கண்ணில் காய்ந்திருந்தது. வேகமான விரல்கள். "ரீலிங்ல ஆள் எடுக்காக. திங்கக்கிழம காலையில மில் வாசலுக்கு வா. என் பேரச் சொல்லு."

"நமக்கு அந்த வேலையெல்லாம் தெரியாதேக்கா."

"எனக்கும் தெரியாமத்தான் வந்தேன்."

திங்கட்கிழமை சங்கு ஊதுவதற்கு முன்பே சுடலைமாடத்தி வந்து நின்றாள். மெகராஜ் அவளை டைம் ஆபீஸுக்குக் கூட்டிப்போனாள். டைம் கீப்பர் கண்ணுச்சாமி பெயரை எழுதிக்கொண்டு, "டெம்ப்ரவரிதானம்மா, இ.எஸ்.ஐ. நம்பர அடுத்த மாசம் போட்டுக்கிடலாம்" என்றான்.

"இன்னைக்குப் போடு கண்ணுச்சாமி."

"இன்னைக்கு வேலை சாஸ்தி…"

"நான் நிக்கேன். நீ போடு."

மெகராஜ் மேஜையோரம் நின்றாள். மிஷின்கள் ஓடத் தொடங்கும் சத்தம் உள்ளேயிருந்து வந்தது. அவள் அசையவில்லை. கண்ணுச்சாமி பெருமூச்சு விட்டு, அலமாரியைத் திறந்து, தாளை எடுத்து எழுத ஆரம்பித்தான். குடும்பத்தில் யார் யார் என்று கேட்டான். சுடலைமாடத்தி தயங்கினாள்.

"வீட்டுக்காரர் பேர முதல்ல சொல்லு" என்றாள் மெகராஜ்.